உச்ச நீதிமன்றத்தில் எங்கள் எஸ்எல்பி (சிறப்பு அனுமதி மனு) இரண்டே வரியில் தள்ளுபடி. அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கேட்டவர்: வண்டிப்பாதை

எல்லோருக்கும் வணக்கம். கோர்ட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்தது என்ன என்று எனக்கே புரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

எங்களுக்கு 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை. ரோட்டிலிருந்து அங்கே போக ஒரே வண்டிப்பாதைதான், பக்கத்துப் புஞ்சையின் ஓரமாக. தாத்தா காலத்தில் மாட்டுவண்டி போனது, அப்பா காலத்தில் டிராக்டர். 2009இல் பக்கத்துக்காரர் கம்பிவேலி போட்டுவிட்டார். அப்பா முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டார். கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து அளந்து படம் போட்டுக் கொடுத்தார். 2014இல் ஜெயித்தோம். அவர்கள் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போய் 2018இல் ஜெயித்தார்கள். நாங்கள் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு போட்டோம். சட்டக் கேள்வி எதுவும் இதில் எழவில்லை என்று தள்ளுபடி ஆனது. அப்புறம் நகையை அடகு வைத்து டெல்லிக்கு அனுப்பினோம்.

போன மாதம் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. வக்கீல் அனுப்பிய இணைப்பில் நானும் அப்பாவும் கைப்பேசியில் பார்த்தோம். எங்கள் வரிசை எண் 37. எங்கள் வக்கீல் எழுந்தார், நாலைந்து வாக்கியம் பேசினார், ஒரு நீதிபதி ஏதோ கேட்டார், இவர் பதில் சொன்னார், உடனே 38ஐக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்றரை நிமிடம் இருக்கும். உத்தரவிலும் இரண்டே வரிதான்: தலையிட விரும்பவில்லை, மனு தள்ளுபடி.

அப்பாவுக்கு 74 வயது. இங்கிலீஷ் தெரியாது. கைப்பேசியை வைத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஐயா நம்ம கமிஷனர் படத்தைப் பார்த்தாரா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. 15 வருட வழக்கைப் படிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறார்.

எந்த வழக்கை எடுப்பது, எதை விடுவது என்று அங்கே எப்படி முடிவு செய்கிறார்கள்? தள்ளுபடி என்றால் எங்கள் பக்கம் தப்பு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாக அர்த்தமா?


பதில் 1: பழைய குமாஸ்தா

அம்மா, நான் வக்கீல் இல்லை. டெல்லியில் ஒரு அட்வகேட் ஆன் ரெக்கார்டிடம் 26 வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். வக்கீல் வைத்து உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்வதென்றால் அவர்களால்தான் முடியும். எத்தனை எஸ்எல்பி கட்டு கட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் பார்த்த ஒன்றரை நிமிடம் கோர்ட்டில் நடந்தது மட்டும்தான். கட்டு முன்கூட்டியே நீதிபதிகளின் கைக்குப் போய்விடும். புது மனுக்களுக்கு மரபாகத் திங்களும் வெள்ளியும். சனி, ஞாயிறு என்றால் திங்கள்கிழமைக் கட்டுகளைப் படிக்கும் நாள் என்றே எங்கள் ஆபீசில் பேசிக்கொள்வோம். நான் இருந்த காலத்தில் ஒரு அமர்வின் பட்டியலில் 50, 60 மனுக்கள் சாதாரணம். இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து அன்றைக்கே அவ்வளவையும் முடிக்க வேண்டும். படித்துவிட்டு வராமல் அது நடக்காது.

எஸ்எல்பி கட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், வக்கீலிடம் நகல் இருக்கும். முன்பக்கங்களில் எண் இருக்காது, பி, சி, டி என்று எழுத்து போட்டிருக்கும். வழக்கின் சுருக்கமும் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்ற பட்டியலும் அங்கேதான். 1ஆம் பக்கத்திலிருந்து உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அதற்குப் பிறகு மனு, அதில் சட்டக் கேள்விகள், காரணங்கள். கடைசியில் இணைப்புகள், பி-1, பி-2 என்று. எங்கள் வக்கீல் இணைப்பையெல்லாம் என்னிடம் விட்டுவிடுவார். அந்த எழுத்துப் பக்கங்களை மட்டும் தானே உட்கார்ந்து ஏழெட்டு தடவை திருத்துவார். நீதிபதி முதலில் படிப்பது அதைத்தான், அங்கே பிடி கிடைக்காவிட்டால் பின்னால் என்ன இருந்தாலும் கஷ்டம் என்பார். கோர்ட்டில் நீதிபதி கேட்கும் அந்த ஒரு கேள்வி, படித்தபோது அவர் மனதில் நின்ற கேள்வி. அதற்கு வரும் பதிலில் மனு நிற்கும், இல்லை விழும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முன்சீப் கோர்ட்டும் சப் கோர்ட்டும் எடுத்துக்கொண்ட கேள்வி, பாதை உரிமை உங்களுக்கு உண்டா என்பது. டெல்லியில் எடுத்த எடுப்பில் அந்தக் கேள்விக்கே போக மாட்டார்கள். இந்த வழக்கை நாம் எடுத்துக் கேட்க வேண்டுமா என்று பார்ப்பார்கள். எஸ்எல்பி என்பது அப்பீல் கிடையாது. அப்பீல் போட அனுமதி கேட்கும் மனு. அரசியல் சட்டத்தின் 136ஆவது பிரிவு அந்த அனுமதியைக் கோர்ட்டின் விருப்புரிமைக்கே விட்டிருக்கிறது. உரிமையாகப் போகிற வழிகளும் உண்டு. கீழே விடுதலையான ஒருவருக்கு உயர் நீதிமன்றம் அதை மாற்றி மரண தண்டனை கொடுத்தால் அவர் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதை உச்ச நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சான்று கொடுத்தாலும் நேராகப் போகலாம். ஆனால் அந்தச் சான்று அபூர்வம். உங்களுடையது மாதிரி வழக்குகள் 136 வாசலில்தான் நிற்க வேண்டும்.

அந்த வாசல் எப்போது திறக்கும்? நான் பார்த்தவரை, ஒரே சட்டப் பிரிவுக்கு ஒரு உயர் நீதிமன்றம் ஒரு அர்த்தமும் இன்னொரு உயர் நீதிமன்றம் வேறு அர்த்தமும் சொல்லியிருந்தால் உடனே கவனிப்பார்கள். ஏனென்றால் அங்கே சொல்வது 141ஆவது பிரிவின்படி நாடு முழுக்கக் கட்டுப்படுத்தும், குழப்பத்தைத் தீர்க்க வேறு ஆள் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புக்கு நேர் எதிராகக் கீழே முடிவெடுத்திருந்தாலும் அப்படித்தான். ஒரு சட்டத்தின் அர்த்தம் ஆயிரக்கணக்கான பேரைத் தொடும் என்றாலும் நிறுத்திக் கேட்பார்கள். இது எதுவும் இல்லாமல் தனி ஒரு ஆளுக்காகத் திறந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு வயதான அம்மாவின் வழக்கு. அவரது கிரயப் பத்திரம் சாட்சிய ஆவணமாகக் கோர்ட்டில் குறியீடு ஆகியிருந்தது, ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நீதிபதி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் என்றார். அந்த அம்மா ஜெயிப்பாரா என்று அன்று யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டிய வழக்கு என்பது மட்டும் தெரிந்தது.

உங்கள் வழக்கில் நடந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அனுபவ பாத்தியதை, அதாவது நெடுநாள் பயன்படுத்தியதால் வரும் பாதை உரிமை என்றால், வசதியுரிமைச் சட்டப்படி 20 வருடம் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையாகப் பாதையைப் பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தீர்களா இல்லையா என்பது சாட்சியத்தைப் பொறுத்த விஷயம். சாட்சியத்தை எடை போடும் கடைசிக் கோர்ட் உங்கள் சப் கோர்ட். இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றமே சாராம்சமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உள்ளே போகும். அங்கேயே இல்லை என்று சொன்ன பிறகு டெல்லியில் அதைத் திறப்பது ரொம்பக் கஷ்டம். இதை உங்களிடம் நகையை அடகு வைப்பதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். கமிஷனர் படம் கட்டில் இணைத்திருந்ததா? பாருங்கள்.


பதில் 2: கீழ்க்கோர்ட் வக்கீல்

அக்கா, நான் 9 வருடமாக சிவில் பக்கம் ப்ராக்டிஸ் செய்கிறேன். ஐயா வாசலைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பல கட்சிக்காரர்கள் மனம் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் சொல்லாமல் எஸ்எல்பியைத் தள்ளுபடி செய்தால், கீழ்த்தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாக அர்த்தம் இல்லை. இது ஆறுதலுக்காகச் சொல்வது அல்ல, சட்டமே இதுதான். 2000இல் குஞ்ஞயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் மூன்று நீதிபதிகள் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அனுமதி கொடுத்துவிட்டால் மனு அப்பீலாக மாறும். அப்பீலில் வரும் தீர்ப்புக்குள் கீழ்த்தீர்ப்பு கரைந்துபோகும், அப்புறம் நிற்பது மேல்தீர்ப்பு மட்டும்தான். அனுமதியே கொடுக்காதபோது எதுவும் கரைவதில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு தன் காலிலேயே நிற்கிறது, உச்ச நீதிமன்றம் அதன்மேல் முத்திரை எதுவும் குத்தவில்லை. 2019இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கிலும் இதையே உறுதி செய்தார்கள். காரணங்களை எழுதித் தள்ளுபடி செய்தால் கதை கொஞ்சம் வேறு. அதில் சொல்லப்பட்ட சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். உங்கள் இரண்டு வரியில் அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் ஐயா, ஒரு விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எப்போது திறக்கும் என்று நீங்கள் சொன்னதெல்லாம் அனுபவத்தில் தெரிந்தது. எந்தச் சட்டத்திலும் அது எழுதப்படவில்லை. கோர்ட் தொடங்கிய 1950ஆம் வருடமே, பிரீதம் சிங் வழக்கில், விதிவிலக்கான சூழ்நிலையும் பெரிய அநீதியும் இருந்தால்தான் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவோம் என்றார்கள். நடைமுறையில் அதைவிட ரொம்பவே தாராளமாக எடுத்தார்கள், வாசலில் கூட்டம் கூடிவிட்டது. 2010இல் மத்தாய் எதிர் ஜார்ஜ் என்ற வழக்கில் இரண்டு நீதிபதிகள், எந்த மாதிரி வழக்கை எடுப்பது என்று வரையறை வகுக்க வேண்டும், இதை அரசியல் சாசன அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். 2016 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வரையறை வகுக்க மாட்டோம், இந்த அதிகாரத்தைக் கட்டிப்போடக் கூடாது என்று முடித்துவிட்டது.

அமெரிக்காவில் முழுக் கோர்ட்டும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறது. 9 பேரில் 4 பேர் எடுக்கலாம் என்றால் வழக்கு உள்ளே வரும். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் மனு வந்தாலும் நூற்றுக்கும் குறைவாகத்தான் வாதம் கேட்கிறார்கள். மக்கள் அங்கே போகும்போதே கிடைக்காது என்று தெரிந்து போகிறார்கள். இங்கே 34 நீதிபதிகள் வரை இருக்கலாம், இரண்டு இரண்டு பேராகப் பல அறைகளில் உட்காருகிறார்கள். ஒரு அறையில் நோட்டீஸ் ஆகும் விஷயம் இன்னொரு அறையில் தள்ளுபடி ஆகலாம். அதனால்தான் கட்சிக்காரருக்கு நம்பிக்கை விடுவதில்லை. வக்கீலும் ‘போட்டுப் பார்க்கலாம்’ என்கிறார். அந்த ‘போட்டுப் பார்க்கலாம்’தான் அக்கா வீட்டு நகையை எடுத்துக்கொண்டு போனது. எதை எடுக்க மாட்டோம் என்றாவது எழுதி வைத்தால் இந்தச் செலவு பல வீடுகளுக்கு மிஞ்சும் என்பது என் உறுதியான எண்ணம்.


பதில் 3: பழைய குமாஸ்தா

தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதி வைத்திருந்தால் அந்தக் கிரயப் பத்திர அம்மா எந்த வரிக்குள் வந்திருப்பார் என்று யோசிக்கிறேன். ‘தனிநபர் சொத்து வழக்கு எடுக்கப்படாது’ என்று ஒரு வரி இருந்திருந்தால் மனு வாங்கும் ரிஜிஸ்ட்ரி ஆபீசிலேயே அந்தக் கட்டு திரும்பியிருக்கும். கதவை முழுக்க மூடாமல் வைத்திருப்பது அவர் மாதிரி ஆட்களுக்காக.

கூட்டத்தைக் குறைக்க வேறு யோசனை இருக்கிறது. 1986லேயே உச்ச நீதிமன்றம், பீகாரைச் சேர்ந்த ஒரு சட்ட உதவிச் சங்கத்தின் வழக்கில், நாங்கள் சாதாரண அப்பீல் கோர்ட்டாக இருப்பதற்கு ஏற்பட்டவர்கள் அல்ல, தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அமைத்தால் நல்லது என்று சொன்னது. 2016இல் அந்த விஷயம் பெரிய அமர்வுக்கும் அனுப்பப்பட்டது. தெற்கே ஒன்று வந்திருந்தால் கேள்வி கேட்ட இந்த அம்மா தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போயிருக்கலாம்.


பதில் 4: ஓய்வூதியர்

நான் மறுபக்கம் நின்றவன். எனக்கு அனுமதி கிடைத்தது. பணிக்காலக் கணக்கு பற்றிய வழக்கு, என்னைப் போல் பலர் இருந்ததால் எடுத்தார்கள் என்று வக்கீல் சொன்னார். ‘லீவ் கிராண்டட்’ என்று கேட்டதும் வீட்டில் பாயசம் வைத்தோம். அதற்கப்புறம் இறுதி விசாரணைக்கு வர 7 வருடம் ஆனது. கடைசியில் எனக்குப் பாதிதான் கிடைத்தது. காத்திருந்த காலத்தில் என்னோடு சேர்ந்து வழக்குப் போட்ட இருவர் இறந்துவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு 74 வயது என்கிறீர்கள். வாசலிலேயே பதில் தெரிந்ததில் அவருக்கு வருடங்கள் மிச்சமாகியிருக்கின்றன. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.


கேட்டவர்: வண்டிப்பாதை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். முத்திரை குத்தவில்லை என்று வக்கீல் சொன்ன இடத்தைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இங்கே ஊரில் ஒருவர், ரிவ்யூ (மறுசீராய்வு மனு) போடலாம், அதுவும் போனால் க்யூரேட்டிவ் என்று ஒன்று இருக்கிறது, விடாதீர்கள் என்கிறார். அம்மாவின் தாலிக்கொடி ஒன்றுதான் மிச்சம். போடலாமா?


பதில் 5: கீழ்க்கோர்ட் வக்கீல்

அக்கா, தாலிக்கொடியைத் தொடாதீர்கள்.

உச்ச நீதிமன்றத்தில் ரிவ்யூ 30 நாளுக்குள் போட வேண்டும். அதைப் பெரும்பாலும் அதே நீதிபதிகள்தான், தங்கள் அறையிலேயே, கட்டைச் சுற்றுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். வாய்மொழி வாதம் கிடையாது. தீர்ப்பின் முகத்திலேயே தெரிகிற பிழை இருக்க வேண்டும், உத்தரவே இரண்டு வரி என்னும்போது பிழையை எங்கே காட்டுவது? க்யூரேட்டிவ் என்பது 2002இல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில் வந்தது. ரிவ்யூவும் போன பிறகு, நம்மைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிட்டது, நீதிபதிக்கு வழக்கில் சம்பந்தம் இருந்தது என்கிற மாதிரி விஷயங்களுக்கு. மூத்த வழக்கறிஞர் ஒருவர் சான்று தர வேண்டும். உங்கள் வழக்கில் அது எதுவும் இல்லை.

அனுமதி கட்டத்திலேயே காரணம் சொல்லாமல் தள்ளுபடி ஆனதால் உயர் நீதிமன்றத்தில் ரிவ்யூ போட இன்னமும் வழி இருக்கிறது, கோடே வழக்கு சொல்வது அதைத்தான். ஆனால் புதிதாக ஒரு முக்கியமான ஆவணம் கிடைத்து, முன்பு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்று காட்ட முடிந்தால்தான் அதில் பலன். பழைய வரைபடத்தில் அந்தப் பாதை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் கிராம வரைபட நகலும் நில அளவைப் படமும் கேட்டுப் பாருங்கள், செலவு குறைவு. அப்படி ஒன்று கிடைத்தால் மட்டும் மேலே யோசிக்கலாம், தாமதத்துக்கும் காரணம் காட்ட வேண்டியிருக்கும். வக்கீல் வைக்கப் பணம் கொடுக்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்டுப் பாருங்கள். மனுதாரர் பெண் என்றால் அந்த ஒரு காரணமே போதும், வருமானம் பார்க்க மாட்டார்கள். உயர் நீதிமன்றத்திலும் அதன் குழு இருக்கிறது.

இன்னொன்று. தீர்ப்பு பாதை கேட்க உரிமை இல்லை என்றுதான் சொல்கிறது. பாதையை விலைக்குக் கேட்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. 8 அடி அகலத்துக்குக் கிரயமோ, பதிவு செய்த பாதை ஒப்பந்தமோ பேச முடியுமா? டெல்லிக்குச் செலவழித்ததில் பாதிகூட ஆகாமல் போகலாம்.


பதில் 6: பழைய குமாஸ்தா

அம்மா, கட்டில் பார்த்தீர்களா?


கேட்டவர்: வண்டிப்பாதை

பார்த்தேன் ஐயா. வக்கீலிடம் கேட்டு நகல் வாங்கினேன். கமிஷனர் அறிக்கையும் படமும் இணைப்பு பி-4, 61ஆம் பக்கம். அறிக்கையை முழுக்க இங்கிலீஷில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். படத்தில் கமிஷனர் தமிழில் எழுதியிருந்த ‘வண்டித்தடம்’, ‘புளியமரம்’ இரண்டுக்கும் பக்கத்திலேயே இங்கிலீஷ் போட்டிருக்கிறது. முன்னால் எழுத்துப் பக்கத்தில், சி என்று போட்ட தாளில், ‘பக்கம் 61இல் உள்ள படத்தைக் காண்க’ என்று வரியும் இருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். நீதிபதிகள் கட்டை முன்னாடியே படித்துவிட்டுத்தான் வருவார்கள் என்று நீங்கள் எழுதியதையும், படத்தைப் பார்த்தாலும் சப் கோர்ட் எடை போட்டதை அவர்கள் திரும்ப எடை போடுவதில்லை என்பதையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புளியமரத்தின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ 61ஆம் பக்கம் அவங்க கையிலயும் இருந்துச்சு" என்றார். ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டார்.

பக்கத்துக்காரரின் மகன் திருப்பூரில் இருக்கிறான், பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறானாம். 8 அடி பற்றி நானே பேசிப் பார்க்கப் போகிறேன்.